கூட்டுத்தொகை எட்டு

லண்டனில் யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள் என்று எனக்குச் சொன்னவர்கள் வெம்பிளிப் பக்கம் வந்ததே இல்லை போலிருக்கிறது. வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை மகள் வீட்டு ஜன்னலோரம் நின்று, காபி ஆறுவதற்குள் பதினொரு ஹாரன் எண்ணினேன். அதில் நான்குதான் தேவையானவை. மற்றதெல்லாம் கோபம், அவசரம், எதிர்ச்சாரியில் போகும் சொந்தக்காரருக்கு வணக்கம். கோவையில் முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். ஹாரனைக் கேட்டதும் கை தானாகக் கணக்கெடுக்க ஆரம்பித்துவிடும்.

மகள் மதுமிதாவுக்கு இங்கே கணினி வேலை. மறுநாள் காலை ஒரு கண்ணாடிக் குடுவையை என்னிடம் நீட்டினாள். முந்தின நாளே பாலில் ஊறப்போட்ட ஓட்ஸ். நம் ஊரில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிட்டால் அது பழைய சோறு. இங்கே அதற்கு ஒரு மூடி போட்டு, மேலே நாலு திராட்சையும் வைத்துவிட்டால் ஆரோக்கியம். மறு பேச்சில்லாமல் சாப்பிட்டேன். மகள் வீட்டில் வாயைத் திறக்கச் சாப்பாடு ஒன்றுதான் பாதுகாப்பான காரணம்.

"அம்மா, நிஜத்தைச் சொல்லு. என்னைப் பார்க்க வந்தியா, அந்தக் காரைப் பார்க்க வந்தியா?"

"உன்னைப் பார்க்கத்தான் கண்ணு," என்றேன்.

அவள் நம்பவில்லை. அவளுக்கென்று கொண்டுவந்த மைசூர்பாகு பெரிய பெட்டியில் லக்கேஜாக வந்தது. காருக்கென்று கொண்டுவந்த பழைய போட்டோ ஆல்பம் என் மடியிலேயே உட்கார்ந்து வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் லாப்விங். நம்மூர் ஆள்காட்டிக் குருவிக்கு இங்கிலாந்தில் இருக்கும் பங்காளிக் குருவியின் பெயர் அது. அறுபது வருடத்துக்கு முன்னால், லண்டனுக்குத் தெற்கே ஓர் அண்ணனும் தம்பியும் கோழிப்பண்ணைக் கொட்டகையில் வைத்து இதைச் செய்தார்கள். இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, அலுமினியத் தகட்டு உடம்பு. ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாமல் ஓடுகிற பந்தயங்களுக்கென்றே பிறந்த வண்டி. மொத்தம் ஆறு செய்தார்கள். அடிச்சட்டத்தில் 301 முதல் 306 வரை சேசிஸ் எண் அடித்தார்கள். அதன்பிறகு கோழியே தேவலாம் என்று அந்தத் தொழிலுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஆறில் பெயர் வாங்கியது ஐந்தாவது கார், 305. பிரான்சில் ஒரு இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் பாதி வழியில் அதன் வலது கதவின் பூட்டு பிய்ந்துபோயிற்று. ஓட்டிய இருவரும் முறை வைத்துக் கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மீதிப் பந்தயத்தையும் ஓட்டி முடித்தார்களாம். வலது கை கதவில், இடது கை கியரில் என்றால் ஸ்டியரிங் எந்தக் கையில் என்று நான் கேட்டால், பழைய கார்ப் பிரியர்கள் யாரும் பதில் சொல்வதில்லை. என்னிடம் படிக்க வந்திருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதே 305-ஐ, நூற்பு இயந்திரம் பொருத்த வந்த ஓர் இங்கிலாந்து இன்ஜினியர் கோவைக்குக் கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது மில் முதலாளியிடம் விட்டுவிட்டுப் போனார். அந்த மில்லின் வண்டிகளைப் பார்த்துக்கொண்டவர் என் அப்பா ரங்கசாமி. நான் கல்லூரி முடிக்கிற வரைக்கும் கார் மில் ஷெட்டில் இருந்தது. பிறகு யாரோ வாங்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். நாங்களும் மறந்துவிட்டோம்.

போன சித்திரையில் என் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு போன் வந்தது. "வணக்கம் அக்கா, நான் லண்டனில இருந்து குகன் கதைக்கிறன். நீங்கள் நாலாம் வகுப்பில படிச்ச கலைச்செல்வியோ?" என்று ஒரு குரல். ஐம்பது வருடம் கழித்து இப்படி ஒரு கேள்வி வந்தால் யாருக்குமே பயமாகத்தான் இருக்கும். விஷயம் இதுதான். கோலியர்ஸ் வுட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் குகன், தான் வாங்கிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அந்தக் காரின் வலது கதவைப் பிரித்திருக்கிறார். உள்ளே, ஆட்டம் நிற்பதற்காக, ஒரு நோட்டு அட்டையை நாலாக மடித்துச் செருகியிருந்தது. அட்டையில் லேபிள். லேபிளில் என் பெயர், வகுப்பு, ஊர். என் கணக்கு நோட்டு அட்டை காணாமல் போனதற்கு டீச்சரிடம் நான் வாங்கிய அடி இப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஊரையும் பெயரையும் வைத்துத் தேடியதில் என் டிரைவிங் ஸ்கூல் பலகை அகப்பட்டிருக்கிறது. வெள்ளைக்கார மெக்கானிக் யாராவது பிரித்திருந்தால் அந்த அட்டை குப்பைக்குப் போயிருக்கும்.

புதன்கிழமை குகனின் கடைக்குக் கிளம்பினேன். மகள் ஒரு துண்டுக் காகிதத்தில் வழி எழுதிக் கொடுத்தாள். வாட்டர்லூவில் மாறி, மோர்டன் ரயிலில் ஏறச் சொல்லியிருந்தாள். வரைபடத்தில் கறுப்புக் கோடு ஒன்றுதான். ஒரே கோடுதானே என்று வந்த ரயிலில் ஏறிவிட்டேன். அந்தக் கோடு நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்பதையும், நான் ஏறியது மற்றக் கிளை என்பதையும் ரயில் கடைசி நிலையத்தில் நின்று விளக்கை அணைத்தபிறகுதான் அறிந்தேன். இறங்கிப் பார்த்தால் பட்டர்சி. அங்கே நீலச் சட்டைக்காரப் பெண்மணி ஒருவர், "கெனிங்டன்வரை திரும்பிப் போய் மாறுங்கள், கண்ணே" என்றார். முன்பின் தெரியாதவளைக் கண்ணே என்று கூப்பிடுகிற ஊர். எங்கள் பக்கமும் எல்லாரையும் கண்ணு என்போம், ஆனால் வழி சொல்லிவிட்டு நாமும் கூட ரெண்டு எட்டு நடந்து வருவோம்.

திரும்பி வந்த ரயிலில் எதிரே இரண்டு பெண்கள். "அவன் மூன்று முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றுவிட்டான், நாலாவது முறையும் காரைத்தான் குறை சொல்கிறான்," என்றாள் ஒருத்தி. எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

வாண்டில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்பேட்டை. அதில் மூன்றாவது ஷட்டர் குகனுடையது. மெலிந்த உருவம், நரைத்த மீசை, கையைத் துடைத்துத் துடைத்தே சிவந்துபோன விரல்கள்.

"வாங்கோ அக்கா, வாங்கோ. ஒரு மணித்தியாலம் பிந்திப்போச்சு. பாதை பிழைச்சுப் போட்டுதோ?"

"இல்லீங்க தம்பி. பட்டர்சியையும் ஒரு எட்டு பாத்துட்டு வர்றனுங்க."

தேத்தண்ணியும் மீன் ரோல்சும் வந்தன. ரோல்ஸ் என்பது முட்டையும் ரொட்டித்தூளும் தோய்த்துப் பொரித்த சுருள். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகும். ஓட்ஸ் குடுவையை நினைத்துக்கொண்டே இரண்டு சாப்பிட்டேன்.

பிறகு அவர் துணியை விலக்கினார்.

என் நினைவில் அந்தக் கார் ஒரு யானை. எதிரே நின்றது என் இடுப்பளவு உயரம்கூட இல்லை. இங்கிலாந்துப் பந்தயப் பச்சையில் அப்படியொரு மினுமினுப்பு. ஒரே ஓரிடத்தில், டிக்கி மூடியின் உள்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு வெளிர் நீலம் விட்டுவைத்திருந்தார். எங்கள் மில்லின் நீலம். மில்லில் லாரிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் முதலாளி வீட்டுக் கேட்டுக்கும் ஒரே டப்பாதான். அந்த நீலத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தேன். மூன்றாவது ரோல்சை எடுத்துக்கொண்டேன்.

"அக்கா, ஒரு பிரச்சினை இருக்கு," என்றார் குகன். "ரெலிபோனில சொன்னா நீங்கள் வராம விட்டிடுவியள் எண்டு பயந்து சொல்லேல்லை. இது கொப்பி எண்டு பழைய கார் கிளப்காரர் சொல்லினம்."

"கொப்பின்னா?"

"போலி. பாருங்கோ, இதின்ர சேசிஸில 306 எண்டு இருக்கு. ஆனா 306 வடக்கில ஒரு மியூசியத்தில நிக்குது. அது அசல் எண்டு எல்லாருக்கும் தெரியும். அப்ப இது ஆரோ நம்பரைப் பாத்து அடிச்சுச் செய்த கள்ளக் கார் எண்டு சொல்லினம். 305 கீழைநாட்டில எங்கயோ துலைஞ்சு போச்சாம்."

கிளப்பின் பதிவேட்டை வைத்திருப்பவர் பெர்சிவல் என்று ஒருவர். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். அவர் ஒப்புக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை பழைய பந்தயக் கார்களின் ஓட்டத்தில் இந்தக் காரும் ஓடும். இல்லாவிட்டால் பதிவேட்டில் போலி என்று எழுதிவிடுவார்.

"ஒருக்கா எழுதினா எழுதினதுதான். பிறகு ஒண்டும் செய்யேலாது அக்கா. பதினொரு வருசம். ஞாயிற்றுக்கிழமை எண்டா நான் இதுக்குக் கீழதான் கிடப்பன். நீங்கள் கொண்டு வந்த படத்தைக் காட்டினா ஒருவேளை நம்புவார்."

படத்தைக் காட்டினால் கார் கோவையில் இருந்தது தெரியும். 305-க்கு எப்படி 306 என்று பெயர் வந்தது என்பது படத்தில் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் உலகத்தில் இப்போது நான்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலாளி அந்தக் காரை வாங்கிய மூன்று மாதத்தில் அது ஒரு எருமையை இடித்தது, ஒரு சுவரை இடித்தது, முதலாளியின் சம்பந்தியையும் லேசாக இடித்தது. எண்கணித ஜோசியர் வந்தார். பதிவு எண்ணைக் கூட்டினார், அது ஒன்பது, நல்ல எண். ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினார். சேசிஸ் எண்ணைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். ஷெட்டில் என் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த என்னை முதலாளி கூப்பிட்டு, "நீ கணக்குல புலியாமே, மூணும் சைபரும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்டார். "எட்டுங்க!" என்று கத்தினேன். வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எந்த விடையும் சொன்னதில்லை. எட்டு என்றால் சனி. முதலாளியின் முகம் இருண்டுவிட்டது. "ரங்கசாமி, அஞ்சை ஆறாக்கு" என்றார். ஐந்தின் அடிவயிற்றில் இடப்பக்கம் ஒரு கோடு இழுத்தால் ஆறு. கூட்டினால் ஒன்பது. அடுத்த ஞாயிறு அப்பா உளியும் சுத்தியலும் எடுத்தார், நான் டார்ச் பிடித்தேன். ஆர்.சி. புத்தகம் தண்ணீரில் நனைந்து புதிதாகப் பிறந்தது. காரின் ராசி மாறியதா என்று கேட்டால், அதற்கப்புறம் எருமைகள் உஷாராகிவிட்டன.

இதையெல்லாம் அந்த இடத்திலேயே குகனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பாக்கலாமுங்க தம்பி" என்று எழுந்துவிட்டேன்.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். என் டிரைவிங் ஸ்கூல் சுவரில் அப்பாவின் படம் இருக்கிறது. அதன் கீழே நானே எழுதிக் கொடுத்து வரையவைத்த பலகை: 'நேர்மையே முதல் கியர்.' காதில் செருகியபடி மறந்து வீட்டுக்கு வந்துவிட்ட மில் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க மூன்று மைல் நடந்து போனவர் அவர். அந்தக் கதையை ஒவ்வொரு பேட்சுக்கும் சொல்லியிருக்கிறேன். சேசிஸ் எண்ணில் கை வைப்பது எங்கள் ஊரில் ஜெயிலுக்குப் போகிற குற்றம் என்பதையும் அதே பேட்சுக்கு, அதே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் ஒரே ஆள் செய்தார் என்பதை மட்டும் சொன்னதில்லை. இப்போது அதை ஓர் இங்கிலாந்துக்காரர் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்கப்போகிறார்.

வியாழக்கிழமை மதியம் மோர்டனில் குகன் வீட்டில் சாப்பாடு. இந்த முறை சரியான கிளையில் ஏறி, ஒவ்வொரு நிலையத்திலும் எழுந்து நின்று பெயரைப் படித்தேன். எதிரே இருந்த பெரியவர், நான் இறங்கப்போகிறேன் என்று ஆறு முறை காலை மடக்கி வழிவிட்டார்.

குகனின் மனைவி வசந்தி பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் செய்திருந்தார். எங்கள் ஊர்ப் புட்டு சர்க்கரையோடும் பழத்தோடும் சாதுவாக இருக்கும். இது குழம்பைக் குடித்துக்கொண்டு எரிகிற பிட்டு. கண்ணில் தண்ணீர் வர வர வாங்கிச் சாப்பிட்டேன்.

"பதினொரு வருசமா ஞாயிற்றுக்கிழமைக் கலியாண வீட்டுக்கெல்லாம் நான் தனியத்தான் போறன் அக்கா," என்றார் வசந்தி. "மனுசன் எங்க எண்டு கேப்பினம். கீழ கிடக்கிறார் எண்டு சொல்லுவன். முதல் வருசம் சனம் பயந்துபோச்சு."

குகன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு அந்த மனுசன் போலி எண்டு எழுதினா இவர் உடைஞ்சு போவார். ஏனெண்டு தெரியுமோ? பேப்பரில இவருக்கு அம்பத்தெட்டு. உண்மையில அம்பத்தஞ்சு. பத்தொன்பது வயதில வரேக்க, கூட்டிக்கொண்டு வந்தவன் குடுத்த பாஸ்போட்டில மூண்டு வயது கூடப் போட்டிருந்தது. பிறகு மாத்தப் போகேல்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரெண்டு கேக் வெட்டிறம்."

"நம்பர் பிழையெண்டா ஆள் பிழையோ அக்கா?" என்றார் குகன், தலையைத் தூக்காமல். காரைப் பற்றித்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

அன்று வெம்பிளிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு என் மீதே எரிச்சல். ஒரு பலகையைக் காப்பாற்ற ஒரு மனிதனின் பதினொரு வருடத்தைக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததுதான். தெரிந்த பதிலைச் சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் சங்கடம்.

வெள்ளிக்கிழமை குகன், வசந்தி, நான் மூவரும் கடையில் காத்திருக்க, பெர்சிவல் பஸ்ஸில் வந்தார். எண்பதை நெருங்கும் வயது, நெளிந்த தொப்பி. தோள்பையில் பதிவேடு, பூதக்கண்ணாடி, டார்ச், ஒரு தகர டப்பாவில் சீஸ் சாண்ட்விச். ஆல்பத்தைப் புரட்டினார். ஆயுத பூஜைப் படத்தில் நெற்றியில் சந்தனத்தோடு நின்ற காரைப் பார்த்து, "அழகாக இருக்கிறது," என்றார். "ஆனால் இது எந்த எண் கார் என்று படம் சொல்லவில்லையே." எதிர்பார்த்ததுதான்.

குகன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அது 305," என்றேன். "ஆறாக மாற்றியது என் அப்பா. பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது நான்."

பெர்சிவல் பேனாவைத் திறந்தார். பிறகு என் ஆங்கிலத்தில் எருமை, சுவர், சம்பந்தி, ஜோசியர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"எட்டில் என்ன தவறு?" என்றார் பெர்சிவல்.

"அது சனி கிரகத்தின் எண்."

"சனி கிரகத்துக்குக் காரோடு என்ன பகை?"

"அதை முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்."

"வளர்ந்த மனிதர்கள், ஒரு எண்ணுக்குப் பயந்து..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார். "என் வீட்டு எண் 12ஏ," என்றார் மெதுவாக. "ஒரு பக்கம் 12, மறுபக்கம் 14. எங்கள் தெருவில் பதின்மூன்று கிடையாது." மறுபடி தொப்பியைப் போட்டுக்கொண்டு காருக்கு அடியில் குனிந்தார்.

எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க ஆரம்பித்தார். பென்சிலைக் குத்தலாகப் பிடித்திருந்தார், காகிதம் கிழிந்தது. முப்பது வருடம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் சேசிஸ் அச்சு எடுத்துப் பழகிய கை என்னுடையது, சும்மா இருக்குமா? "கொடுங்கள்" என்று வாங்கி, பென்சிலைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் எடுத்துக் கொடுத்தேன். மியூசியத்துக் காரின் அச்சு அவர் பையிலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி பிடித்தார்.

மியூசியத்து ஆறுக்குத் தலை உருண்டை. எங்கள் ஆறுக்குத் தலை தட்டை, ஐந்தின் கூரை அப்படியே இருந்தது. அடிவயிற்றுக் கோடு மட்டும் மற்றக் கோடுகளைவிட மெல்லிசாக விழுந்திருந்தது.

"ஆமாம். ஐந்துதான்," என்றார் பெர்சிவல். "ஏமாற்ற நினைத்தவருக்குக் கைவேலை போதாது. மேலே இரண்டு தட்டுத் தட்டி வளைத்திருந்தால் நான் கண்டுபிடித்திருக்கவே முடியாது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்பாவுக்குக் கைவேலை போதாதா? ஒரு கதவுக் கீலைப் பொருத்த முழு நாள் எடுத்துக்கொள்கிறவர். அவர் செய்த வேலையில் நூல் பிசகியது என்று மில்லில் ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. வாயைத் திறந்தேன், அப்படியே நின்றுவிட்டேன்.

டார்ச் பிடித்த அன்றைக்கு நானும் அதையேதான் கேட்டிருந்தேன். "அப்பா, ஆறுக்குத் தலை இப்படி இருக்காதே" என்றேன். டீச்சரிடம் மார்க் வாங்குகிற பெண், சொல்லாமல் இருப்பேனா? அப்பா உளியைக் கீழே வைத்துவிட்டார். "இது போதும் சாமி. டார்ச்சை அணைச்சிரு" என்றார். களைத்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் வாயை மூட ஒரு கோடு போட்டவர், பின்னால் பார்க்கிறவன் கண்டுகொள்ளட்டும் என்று தலையைத் தொடாமல் விட்டிருக்கிறார்.

கோலியர்ஸ் வுட்டில், ஒரு பச்சைக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வசந்தி தேத்தண்ணி கொண்டுவந்தார். பெர்சிவல் பதற்றத்தில் தன் சீஸ் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினார். அழுதுகொண்டே அதையும் சாப்பிட்டேன்; உப்பில்லாமல் இருந்தது.

"அவருக்குக் கைவேலை தெரியும்," என்று சொல்லி, விஷயத்தை விளக்கினேன். பெர்சிவல் அந்த அச்சை இன்னொரு முறை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். காரின் எண் 305 என்று பதிவேட்டில் ஏறிவிட்டது.

குகன் பெர்சிவலின் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. பிறகு திடீரென்று விட்டார். விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப இது எட்டோ அக்கா?"

"எட்டுதானுங்க தம்பி."

"ஐயோ. எட்டெண்டா நான் ஓடமாட்டன்."

வசந்தி இடுப்பில் கை வைத்தார். "பதினொரு வருசமா அதுக்குக் கீழ கிடந்தனீங்கள். அப்ப அந்த எட்டு உங்களைக் கடிச்சதோ?"

"அப்ப அது ஆறு எண்டெல்லோ நினைச்சனான்!"

ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்கு வெளியே பழைய விமானத் திடல் ஒன்றில் ஓட்டம். ஒரு வாடகை லாரியின் முதுகில் கார் வந்தது, பின்னால் வேனில் நாங்கள். வழியில் லாரிக்காரர் நம் குலதெய்வக் கோவிலுக்குப் போகிறவர் மாதிரி மூன்று இடத்தில் நிறுத்தி வழி கேட்டார். அங்கே காற்று காதைப் பிய்த்தது. பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் விற்கிற வண்டி முன்னால் பெரிய வரிசை. மகளும் வந்திருந்தாள். காரைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சின்னதா? இதுக்காம்மா என்னை விட்டுட்டு நாலு நாள் சுத்தின?" என்றாள்.

குகன் காருக்கு ஐந்தடி தள்ளியே நின்றார். எனக்குப் பொறுமை போயிற்று.

"தம்பி, எங்க ஊர்ல லைசென்ஸ் வேணும்னா என்னுங்க பண்ணோணும்? எட்டுப் போடோணும். இன்ஸ்பெக்டர் முன்னால, கால் ஊனாம, எட்டு. முப்பது வருசமா சனத்தை எட்டுப் போட வச்சுத்தான் நான் சோறு திங்கறேன். அந்த எட்டு என்ற புள்ளையை லண்டன் வரைக்கும் அனுப்பிச்சிருக்குது. ஏறுங்க வண்டில."

பழக்க தோஷம், வகுப்பில் அதட்டுகிற குரல் வந்துவிட்டது. குகன் ஏறிவிட்டார். ஒதுக்குப்புறத்தில் இரண்டு டயரை வைத்து, பல பத்து வருடமாக ஓடாத அந்தப் பந்தயக் காரில் அவரை ஒரு எட்டுப் போட வைத்தேன். முதல் வளைவில் கொஞ்சம் அகலம் போனார். இரண்டாவதில் சரியாக வந்தார். "பாஸ்," என்றேன்.

ஓட்டத்துக்கு முன் வசந்தி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மஞ்சள் சட்டை போட்ட திடல் ஊழியர் ஓடிவந்து, குப்பையென்று ஒன்றை எடுத்தார்.

"அதை இருந்த இடத்திலேயே வையுங்கள்," என்றார் பெர்சிவல், கண்டிப்பாக. "அது இந்தக் காரின் வரலாற்றைச் சேர்ந்தது."

எலுமிச்சைகள் நசுங்கின. லாப்விங் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பியது. முதல் சுற்று நன்றாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில் எங்களைக் கடக்கும்போது பார்த்தால், குகன் வலது கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். பழைய கார்ப் பிரியர்கள் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மரியாதைக்காக அவர் அப்படிச் செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் காரணம் தெரியும். என் கணக்கு நோட்டு அட்டையைத் திரும்ப வைக்க அவர் மறந்துவிட்டார். புதன்கிழமை அவர் ஞாபகமாக என்னிடம் கொடுத்த அது, என் கைப்பையில் இருந்தது. வண்டி நின்றதும் நானே போய் நாலாக மடித்து, இருந்த இடத்தில் செருகினேன். கதவு ஆட்டம் நின்றது.

"அந்தக் கோட்டை அரத்தால ராவி எடுத்துப்போட்டு அஞ்சாக்கட்டோ அக்கா?" என்று கேட்டார் குகன். அவர் முகத்தில் பத்தொன்பது வயதுச் சிரிப்பு இருந்தது.

"வேண்டாமுங்க. அப்படியே இருக்கட்டும்."

ஊருக்குத் திரும்பும் முன் பெர்சிவல் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் ஒன்றைத் தபாலில் அனுப்பினார். மகள் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள்: 'எண் 305. கோயமுத்தூரில் திரு. ரங்கசாமி அவர்களால் 306 என மாற்றப்பட்டது. காரணம்: ராசி. வேலைத்தரம்: வேண்டுமென்றே அரைகுறை.'

அப்பாவின் வேலையை அரைகுறை என்று ஒருவர் எழுதியிருப்பது இதுதான் முதல் முறை. சட்டம் போட்டு, டிரைவிங் ஸ்கூலில் அவர் படத்துக்குக் கீழே, பழைய பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன்.